கரையான் தின்னாத நோட்டு

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பேசும்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதை ஆரம்பித்தாலும் நீ “விடும்மா, அப்பறம் பேசிக்கலாம்” என்று முடித்துவிடுவாய், எனக்கும் அது வசதியாகப் போய்விடும். இத்தனை வருஷமும் அப்படித்தான் வசதியாகப் போனது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். இன்று வியாழன். நாளைக்குள் நீ இதைப் படித்தாக வேண்டும். தபாலை நம்பினால் இது மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி உன்னிடம் வருவதற்குள் உன் பெயர் போட்ட கட்டுரை போய்விட்டிருக்கும்.

நீ சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். உங்கள் ஆய்வகத்தில் ஒரு உலோகத் துண்டை நம்ப முடியாத குளிரில் வைத்து, அதில் மின்சாரத்தைச் செலுத்தி அளக்கிறீர்கள். ஓரிடத்தில் அளவு சட்டென்று ஏறுகிறது. உங்கள் பேராசிரியர் அந்த ஏற்றத்தைத்தான் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தாராம். கிடைத்துவிட்டதென்று எல்லோருக்கும் சந்தோஷம். போன வாரம் யாரும் இல்லாத நேரத்தில் நீ ஒரு கேபிளைக் கழற்றி வேறொன்றை மாட்டிப் பார்த்திருக்கிறாய். ஏற்றம் பாதியாகக் குறைந்துவிட்டது. மறுபடி மாட்டிப் பார்க்கவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்புகிறார்கள். “போய்ச் சொல்ல வேண்டியதுதானே சாமி” என்றேன். நீ சிரித்தாய். “விடும்மா. இல்லாததை நோண்டறதே எனக்குப் பொழப்பு. அப்பாவோட தட்டு விஷயத்துல நான் பண்ணுனது மறந்துருச்சா?” என்றாய்.

மறக்கவில்லை. அன்றைக்கு நீ நோண்டியது இல்லாததை இல்லை கண்ணு. அது இருந்தது. தட்டு மாறித்தான் இருந்தது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். இந்த நாலு வரியை எழுதத்தான் இத்தனை காகிதத்தை எடுத்து வைத்திருக்கிறேன். மீதியெல்லாம் அது எப்படி நடந்தது என்பதுதான்.

இந்தக் கடிதத்தை உன்னைத் தவிர வேறு சிலரும் படிக்கப் போகிறார்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் இடையிடையே சொல்வேன், பொறுத்துக்கொள். உன் அப்பாவும் நானும் ராசிபுரத்துப் பக்கம். வேலை கிடைத்து இந்த மலைக்கு வந்தபோது இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுக் கீழே மாற்றல் வாங்கிவிடலாம் என்பதுதான் திட்டம். அவர் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர், நான் நூலகர். மாற்றல் கேட்கும் விண்ணப்பத்தை நான் எழுதி வைப்பேன், அவர் கையெழுத்துப் போட மறந்துவிடுவார். காரணம், அதற்குள் மலைமேல் எடப்புளி நாடு என்ற ஊரில், மாரி அண்ணன் என்கிற விவசாயியின் மிளகுத் தோட்டத்தில் தன் மஞ்சள் தட்டுகளை வைத்துவிட்டிருந்தார்.

அந்தத் தட்டுகளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவு, மஞ்சள் பெயிண்ட் அடித்தது. அதில் தண்ணீர் ஊற்றி ஒரு சொட்டு சோப்பு விட்டுத் தரையில் வைத்தால், பூ என்று நினைத்துச் சின்னச் சின்னக் குளவியும் ஈயும் வண்டும் வந்து விழும். மறுநாள் எடுத்து இனம் பிரித்து எண்ண வேண்டும். வாரம் தவறாமல், வருஷக்கணக்காக, அதே இடத்தில், அதே தட்டில் எண்ண வேண்டும். எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை வைத்துத் தோட்டத்தின் உடல்நிலையைச் சொல்லலாம் என்பார் உன் அப்பா. உனக்கு எட்டு வயது இருக்கும், அவரோடு தோட்டத்துக்குப் போய்த் தட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, “அப்பா, பூச்சிக்கும் இது மஞ்சளாத்தான் தெரியுமா?” என்று கேட்டாய். அவருக்கு ஒரே பெருமை. மூன்று நாள் கல்லூரியில் அகப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தட்டுக்கு வருஷம் ஒருமுறை புதிதாகப் பெயிண்ட் அடிப்பார். அதற்கென்று ஒரே கம்பெனியின் ஒரே மஞ்சளைப் பெரிய டப்பாவாக முதலிலேயே வாங்கி வைத்திருந்தார். ஒரு வருஷம் அவரைப் பயிற்சி வகுப்புக்கு என்று நாற்பது நாள் வெளியூருக்கு அனுப்பினார்கள். அந்த நாற்பது நாளும் தட்டைப் பார்த்து எண்ணி நோட்டில் எழுதியவர் மாரி அண்ணன். எட்டாவது வரை படித்தவர், எதையும் விடாமல் எழுதுவார். பெயிண்ட் அடிக்க வேண்டிய நாளும் அதற்குள் வந்துவிட்டது. டப்பாவைத் திறந்தால் அடியில் காய்ந்த கட்டிதான் இருந்தது. அடிவாரத்துக்கு இறங்கிக் கடையில் வேறு மஞ்சள் வாங்கி வந்து அடித்துவிட்டு, மிச்சத்தைப் பழைய டப்பாவிலேயே ஊற்றி மூடினார். அடித்ததையும் எழுதி வைத்தார். உன் அப்பா திரும்பி வந்து பார்த்தபோது தட்டு புது மஞ்சளாகப் பளபளவென்று இருந்தது. வருஷா வருஷம் அப்படித்தானே இருக்கும்? அவருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை.

இனி வருவது என் வேலை. அந்தத் தோட்டத்து நோட்டுகளை நீ பார்த்ததில்லை. சோப்புத் தண்ணீர் பட்டு ஊறியிருக்கும், பக்கத்துக்குப் பக்கம் நசுங்கிய கொசு இருக்கும், அட்டை கடித்த ரத்தம் கூட இருக்கும். எனக்கு அழுக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் நீளமான கணக்கு நோட்டில் படியெடுத்தேன். சிவப்புக் கோடு போட்டு, கட்டம் கட்டி, முத்து முத்தாக எழுதினேன். ஓரத்தில் இருந்த குறிப்புகளை மட்டும் விட்டுவிட்டேன். “ஆடு வந்து தண்ணியக் குடிச்சிருச்சு.” “மழை. ரெண்டு தட்டு கவுந்து கெடந்துச்சு.” “பாப்பாவுக்குக் காச்சல், லேட்டாத்தான் வந்தேன்.” இதெல்லாம் எண்ணிக்கையா? குப்பை என்று தள்ளினேன். அந்தக் குப்பையோடுதான் மாரி அண்ணனின் இன்னொரு வரியும் இருந்தது: “பழைய டப்பா காலி. கீழ போயி வேற மஞ்சள் வாங்கி அடிச்சாச்சு. கடைக்கார பாய் இதும் அதே மஞ்சள்தான்னு சொன்னாரு.” படித்தேன் கண்ணு. மஞ்சள் மஞ்சள்தானே என்று நானும் நினைத்தேன். அதையும் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

என் படியை வைத்துத்தான் உன் அப்பா கட்டுரை எழுதினார். ஒரு கட்டத்துக்குப் பிறகு சின்னக் குளவிகள் குறைந்துவிட்டன என்று கண்டார். அந்த சமயத்தில்தான் மாரி அண்ணன் தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கத் தொடங்கியிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, மருந்துதான் காரணம் என்று எழுதினார். கட்டுரை வந்த அன்று கல்லூரியில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தோம். என் பங்குக்கு நான் அந்த அழகான படியை வகுப்புக்கு எடுத்துப் போனேன். வருஷா வருஷம் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நூலகத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று வகுப்பெடுப்பேன் இல்லையா? எதைப் படித்தாலும் யார் சொன்னது என்று கேள், மூலம் எங்கே இருக்கிறது என்று கேள், மூலத்தை நீயே பார்த்தாயா என்று உன்னையே கேள் என்று தொண்டை வறளச் சொல்வேன். சொல்லி முடித்துவிட்டு இந்த நோட்டைத் தூக்கிக் காட்டி, “பதிவென்றால் இப்படி இருக்க வேண்டும்” என்பேன். இப்போது நினைத்தால் எனக்கே காது சூடாகிறது.

பிறகு நீ ஆராய்ச்சியில் சேர்ந்த முதல் வருஷம் லீவுக்கு வந்தாய். டிபன் டப்பா அளவில் ஒரு கருவி கொண்டுவந்திருந்தாய். எதன் மேல் காட்டினாலும் அதிலிருந்து என்னென்ன வெளிச்சம் திரும்பி வருகிறது என்று கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் காட்டியது. பலாச்சுளையை அளந்தாய், என் புடவையை அளந்தாய், மஞ்சள் தூளை அளந்தாய். பிறகு நான் துணி கிளிப் போட்டு வைத்திருந்த பழைய தட்டை அளந்தாய். அது உன் அப்பாவின் முதல் செட்டில் இருந்து நான் சுட்டது. கழுவ வந்திருந்த தோட்டத்துத் தட்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்து அளந்தாய். கண்ணுக்கு இரண்டும் ஒரே மஞ்சள். ஊதாவுக்கு அப்பால், நமக்குத் தெரியாமல் பூச்சிக்கு மட்டும் தெரியும் வெளிச்சத்தில், பழைய தட்டின் கோடு மேலே ஏறியது, புதியதன் கோடு தரையோடு கிடந்தது. நீ சிரிப்பை நிறுத்திவிட்டாய்.

“அப்பா, தட்ட எப்ப மாத்துனீங்க?”

“மாத்தவே இல்லையேடா.”

“பெயிண்ட்டு?”

“எல்லாம் ஒரே டப்பாதான். நான் மாத்துனா எனக்குத் தெரியாதா?”

“உங்களுக்குத் தெரியாமயே மாறியிருக்கலாம்லப்பா. அப்படின்னா குளவி குறையல. தட்டுக்கு வர்றதுதான் குறைஞ்சிருக்கு.”

அவர் முகம் மாறியது. சாப்பிட்டுக்கொண்டிருந்த இட்லி அப்படியே இருந்தது. “இத்தன வருசமா நான் எண்ணுனத, நீ ஒரு டப்பாவ வெச்சுக்கிட்டுப் பொய்யிங்கறியா?” என்றார். நீ போய் என் படியை எடுத்து வந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாய். பெயிண்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிறகு என்னிடம் திரும்பினாய். “அம்மா, ஒரிஜினல் நோட்டு எங்கம்மா?”

மாரி அண்ணனின் அந்த வரி, கையெழுத்தோடு, அப்போதே என் கண்முன் வந்துவிட்டது. நோட்டு நூலகத்தில் இரும்பு அலமாரியின் அடித்தட்டில் துணியில் கட்டி இருந்ததும் தெரியும். “கரையான் தின்னுருச்சு கண்ணு” என்றேன். பூச்சி ஆராய்ச்சிக்காரர் வீட்டில் பழியையும் ஒரு பூச்சியின் மேலேயே போட்டேன். அது வந்து இல்லையென்று சொல்லப் போவதில்லை. நீ என் முகத்தைப் பார்த்தாய். நம்பிவிட்டாய். “ஸாரிப்பா, நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கருவியைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாய். அந்தக் கருவி அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு வரவே இல்லை. நீங்கள் இரண்டு பேரும் மழையைப் பற்றியும் பஸ் நேரத்தைப் பற்றியும் தவிர வேறு எதுவும் பேசிக்கொள்வதும் இல்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பாய். உன் அப்பாவின் கட்டுரையைக் காப்பாற்ற என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உண்மை அதைவிட அற்பமானது. என் அழகான நோட்டைக் காப்பாற்றினேன். வகுப்பில் தூக்கிக் காட்டிய கை இது. அந்தக் கையே மூலத்தை வெட்டிவிட்டது என்று என் மகன் முன்னால் ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். அந்த வெட்கத்துக்காக, சரியாகப் பார்த்த பிள்ளையைத் தப்பாகப் பார்த்தவன் என்று நம்ப வைத்துவிட்டேன். அந்த நம்பிக்கை இத்தனை வருஷம் உன்னோடு ஆய்வகம் வரைக்கும் வந்து, நீ கேபிளைக் கழற்றும்போது பக்கத்தில் நின்றிருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு உறைத்தது.

போன மாதம் பணி ஓய்வு பெறும்போது அலமாரியை ஒப்படைக்க வேண்டியிருந்தது. நோட்டுக் கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து புடவைகளுக்கு அடியில் வைத்தேன். ஒரு கரையான் கூடத் தொடவில்லை. நீ பேசிய மறுநாள், திங்கட்கிழமை, அதை எடுத்துக்கொண்டு உன் அப்பாவிடம் போனேன். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தார். முழுவதையும் சொன்னேன். “நோட்டக் குடு” என்றார். கையைச் சாவகாசமாகத் துடைத்தார், கண்ணாடியைப் போட்டார், அந்தப் பக்கத்தைப் பல தடவை படித்தார். “அவன் கேட்டப்பவே உனக்குத் தெரியுமா?” என்றார். “தெரியுங்க” என்றேன். எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. இடையில் ஒரே ஒரு தடவை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, என்னைப் பார்க்காமல், “என்னைய ஏமாத்துனது கெடக்குது. அவனப் போயி...” என்றார். முடிக்கவில்லை. நான் அழுதேன். அவர் மோர் ஊற்றிக்கொண்டார்.

நேற்று காலை சட்டையை மாட்டிக்கொண்டு, என் கிளிப் தட்டையும் கையில் எடுத்துக்கொண்டு, “நீயும் வா” என்றார். பஸ் பிடித்து மாரி அண்ணன் வீட்டுக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தே விட்டார். “ஏனுங்க சார், நான் அன்னைக்கே எழுதி வெச்சுட்டனுங்களே! அம்மா நோட்டுல இருக்குமுங்க” என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. சற்று நேரம் கழித்து அவருக்கே வேறொன்று தோன்றிவிட்டது. “அப்பறம் ஏனுங்க மருந்தாலதான் குளவி போச்சுன்னீங்க? நீங்க சொன்னீங்கன்னுதானுங்க மருந்த வுட்டுப்போட்டு, ஊட்ல எல்லாரும் கையில களை எடுத்தோம்” என்றார். உன் அப்பா, “மருந்தால போச்சா, பெயிண்ட்டால போச்சான்னு இப்ப எனக்கே தெரியல மாரி. இனிமேத்தான் பாக்கோணும். எம்மேலதான் தப்பு” என்றார். அவர் வாயிலிருந்து அந்தக் கடைசி வார்த்தையை நான் கேட்டதில்லை. மாரி அண்ணன் மிளகுக் கொடியை ஒருமுறை பார்த்துவிட்டு, “போவுது வுடுங்க சார். மருந்து இல்லாமயும் மொளகு நல்லாத்தான் இருக்குது. தட்டு எங்க வெக்கோணும், சொல்லுங்க” என்றார். பெருந்தன்மை என்பதெல்லாம் நமக்குப் பெரிய வார்த்தை. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

இப்போது உன் கேபிளுக்கு வருகிறேன். நீ பார்த்தது சரி என்று நான் சொல்லவில்லை. எனக்கு அந்தப் படிப்பு தெரியாது. நீ மாற்றிப் போட்ட கேபிளே கோளாறாக இருந்திருக்கலாம். இல்லாததை நோண்டுகிறவன் நீ இல்லை என்று மட்டும் சொல்கிறேன், அதற்குச் சாட்சியாக மாரி அண்ணன் எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்து முதலில் அனுப்பியிருக்கிறேன். இன்றைக்கே இன்னொரு தடவை மாட்டிப் பார். ஏற்றம் வந்தாலும் வராவிட்டாலும் உன் பேராசிரியரிடம் போய்ச் சொல். பயமாக இருந்தால் பயத்தோடேயே சொல். அவர் முகம் மாறும். அப்படி மாறுகிற முகத்தை நீ ஏற்கெனவே பார்த்திருக்கிறாய், அன்று உன் பக்கம் நின்றிருக்க வேண்டியவள் பொய் சொன்னதால்தான் நீ தோற்றாய். இந்தத் தடவை கட்டுரை தள்ளிப்போகலாம், ஆய்வகத்தில் நாலு பேர் உன்னோடு டீ குடிக்க வராமல் போகலாம். போகட்டும். ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டு வாழ்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் கண்ணு. நானும் ஒவ்வொரு வருஷமும் வகுப்பெடுத்தேன், நன்றாகத்தான் எடுத்தேன், ஆனால் மூலம் என்ற சொல் வரும்போது மட்டும் பிள்ளைகளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன்.

மன்னித்துவிடு என்று கேட்கிறேன். உடனே “விடும்மா” என்று சொல்லிவிடாதே. கொஞ்ச நாள் கோபமாக இரு. அது உனக்கு வர வேண்டியதுதான். நூலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்ணிடம் என் அழகு நோட்டையும் பழைய நோட்டையும் சேர்த்துக் கொடுக்கப் போகிறேன். இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றும் கூடவே இருக்கும். இனிமேல் வகுப்பில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டட்டும். மற்றவர்களும் படிப்பார்கள் என்று சொன்னது இதற்காகத்தான். உன் அப்பா நேற்று ராத்திரியே பத்திரிகைக்குத் திருத்தம் எழுத உட்கார்ந்துவிட்டார். “அவன் அளந்த கோட்டையும் சேர்க்கோணும், அவன்கிட்டக் கேளு” என்றார். “நீங்களே கேளுங்க” என்று சொல்லிவிட்டேன். அதனால் இன்றைக்கோ நாளைக்கோ உனக்குப் போன் வரும். முதலில் மழையைப் பற்றித்தான் ஆரம்பிப்பார். அவசரப்பட்டு வைத்துவிடாதே.

நேற்று திரும்பும்போது உன் அப்பா அடிவாரத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஏறி, செம்மேட்டுக் கடைவீதியில் இறங்கி ஒரு புது நோட்டு வாங்கினார். என் கிளிப் தட்டு இப்போது தோட்டத்தில் புது மஞ்சள் அடித்த தட்டு ஒன்றுக்குப் பக்கத்தில் தண்ணீரோடு உட்கார்ந்திருக்கிறது. இன்று காலையில் கிளம்பும் முதல் பஸ்ஸிலேயே எண்ணப் போய்விட்டார். நோட்டை மேஜை மேல் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வேண்டுமென்றே வைத்தாரோ என்னவோ, திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் தலைப்பு மாதிரி ஒரு கேள்வி எழுதியிருக்கிறார்: “பூச்சிக்கும் இது மஞ்சளாத்தான் தெரியுமா?” ஓரத்தில் சின்ன எழுத்தில், “எட்டு வயதில் கேட்டான். சந்தோஷப்பட்டேன். வளர்ந்த பிறகும் கேட்டான். கோபப்பட்டேன்.”

இந்த நோட்டை நான் படியெடுக்கப் போவதில்லை. ஆடு வந்து தண்ணீரைக் குடித்தால் அதுவும் அதிலேயே இருக்கட்டும். நீ வந்து பார்க்கும்போது அந்தக் கருவியைக் கொண்டு வா.

உன் அம்மா